கருப்பராயன் பக்கத்தில் நின்ற விமானம்

போத்தனூர் ரவிக்குமாரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல அவர் முதுகுக்குப் பின்னால் போக வேண்டியதில்லை. முகத்துக்கு நேராகவே சொல்லலாம். அவரும் ஆமாமுங்க என்று தலையாட்டிவிடுவார். லிஃப்டில் ஏற மாட்டார். இடி இடித்தால் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் மனைவி கையில் திணித்துவிடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் முப்பது வருஷமாக நூல் மில்லில் ஃபிட்டர். விடிந்தால் அடைந்தால் இயந்திரங்களோடுதான் பிழைப்பு. பழுது பார்த்த மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒரு காலை வாசல் பக்கம் வைத்துக்கொண்டுதான் சுவிட்சைத் தட்டுவார். மில்லில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள்.

பழைய ஆட்களுக்கு ஜெரோமைத் தெரியும். ஜெரோம், ரவிக்குமாரின் மனைவி அன்புக்கரசிக்கு அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ஷிப்டில், பஞ்சு உடைக்கிற அறையில் வேலை. ஒரு நாள் பகல் சாப்பாடு முடிந்து மோட்டாரைப் போட்டதும் பொறி பறந்தது, பஞ்சுத் தூசியில் பிடித்தது, அறை முழுக்க நெருப்பு. வெளியே ஓடி வந்தவர்களில் முதல் ஆள் ரவிக்குமார். ஜெரோம் வரவே இல்லை. ஓடியதில் தப்பு ஒன்றுமில்லை, ஓடாமல் நின்றிருந்தால் இரண்டு பிணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்புக்கரசி மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டு, நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள், கிருபா. அப்பனுக்கு நேர் எதிர். மரம் ஏறுவாள், தெருநாயோடு மல்லுக்கு நிற்பாள். படிக்க வைத்தது விமானப் பொறியியல். கோயமுத்தூரில் காலேஜுக்கா பஞ்சம், அந்தப் படிப்பும் இருந்தது, சேர்ந்தாள், நன்றாகவே முடித்தாள். முடித்தபிறகுதான் தெரிந்தது, படிப்புக்கு இருந்த இடம் வேலைக்கு இல்லை என்று. காலேஜில் இறக்கை இல்லாத பழைய விமானம் ஒன்று நின்றதாம், அதைத் தொட்டதோடு சரி. அப்புறம் ஒரு செல்போன் கடையில் கவர் விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் விமானம் போனால் கையில் பிடித்த துணியோடு அப்படியே நிற்பாள். அன்புக்கரசி கீழேயிருந்து கத்துவாள்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சனியன் வந்து சேர்ந்தது.

மில் முதலாளி சென்னகிருஷ்ணனுக்கு ஒரே மகன், சாய்கிருஷ்ணா. நல்ல பிள்ளைதான், ஆனால் எதைப் பார்த்தாலும் வாங்கியாக வேண்டும். ஒரு சினிமா நடிகர், பெயரைச் சொன்னால் இன்னமும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது, அதனால் நடிகர் என்றே வைத்துக்கொள்வோம், மார்க்கெட் இருந்த காலத்தில் சொந்தமாகக் குட்டி ஜெட் விமானம் ஒன்று வாங்கினார். படங்கள் கவிழ்ந்தன. விமானத்தை எங்கோ வடக்கே ஒரு விமான நிலையத்தின் மூலையில் விட்டுவிட்டு ஆள் திரும்பிப் பார்க்கவே இல்லை. மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்காகக் கிடந்ததை ஏலத்தில் விட்டார்கள். சாய்கிருஷ்ணா எடுத்துவிட்டான். இறக்கையைத் தனியாகக் கழற்றி, லாரி மேல் ஏற்றி, வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். காங்கேயம் கரூர் ரோட்டில் அன்றைக்குப் போன பஸ்ஸெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது.

தோட்டத்தில் கருப்பராயன் கோயில் ஒன்று உண்டு. கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு மேடை, அருவாள் பிடித்த சிலை, பக்கத்தில் மண் குதிரை. அதை ஒட்டிய காலி இடத்தில்தான் விமானத்தை நிறுத்தி இறக்கையை மாட்டினார்கள்.

நிறுத்தியதும் ஆரம்பித்தது பஞ்சாயத்து. இதை மராமத்துப் பண்ணுவதா, வேண்டாமா? வந்தவன் போனவனெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னான். உள்ளே மேஜை போட்டு ஓட்டல் வைக்கலாம் என்றார்கள். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க விடலாம் என்றார்கள். எடைக்குப் போட்டுவிட்டுத் தென்னைக்கு உரம் வாங்கு என்றார் சென்னகிருஷ்ணன். சாய்கிருஷ்ணா ஒரே பிடியாக நின்றான். பறக்காவிட்டாலும் போகிறது, தோட்டத்துக்குள் சிமெண்ட் ரோடு போட்டுத் தன் இஞ்சின் சத்தத்தோடு அது உருள வேண்டும். கோயமுத்தூர்க்காரன் கையில் ஓடாத மிஷினும் உண்டா என்பது அவன் கட்சி. நம்மூரில் இந்தத் திமிருக்கு மருந்தே கிடையாது. கிணற்று மோட்டாரைப் பிரித்து மாட்டிவிட்டால் எதையும் பிரித்து மாட்டலாம் என்று நினைப்பு.

வேலைக்கு மூன்று பேரை வைத்தான். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சூலூரில் குடியிருந்த பாலகோபால்தான் தலை. மில்லிலிருந்து ரவிக்குமார். ரவிக்குமாரின் மகள் அந்தப் படிப்புப் படித்தவள் என்று யாரோ சொல்ல, கிருபாவும். சேதி வந்த அன்றே கிருபா செல்போன் கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். ரவிக்குமாருக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை போவார்கள், தோட்டத்து வீட்டிலேயே தங்கி வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை திரும்புவார்கள். முதல் நாள் விமானத்தின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் ரவிக்குமாருக்குக் குமட்டியது. நடிகர் சாய்ந்து உட்கார்ந்த தோல் சீட்டை எலி குடைந்து குட்டி போட்டிருந்தது. சக்கரம் மடங்குகிற பள்ளத்தில் பாம்புச் சட்டை. சட்டை இருந்தால் பாம்பும் இருக்குமே என்று அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இறக்கைக் குழாய்களில் குளவிக் கூடு. கிருபா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்காத குறையாக ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்தாள். துண்டை அவிழ்த்தால் முகமெல்லாம் கரி, வாயெல்லாம் சிரிப்பு. பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க சந்தோஷம் வரவேண்டியதுதானே? மனிதருக்கு ஈரக்குலை நடுங்கியது.

ஒரு நாள் காலை புது பேட்டரியை மாட்டினார்கள். ரவிக்குமார் கதவோரம் நின்றிருந்தார், வழக்கம்போல ஒரு கால் படிக்கட்டில். கிருபா விமானி உட்காரும் முன் அறையில் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. எரிந்த கையோடு ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதட்டியது. இத்தனை வருஷம் செத்துக் கிடந்த விமானம் வாயைத் திறந்து பேசினால் யாருக்குத்தான் தூக்கிவாரிப்போடாது? ஆனால் மற்றவர்கள் நின்ற இடத்தில் துள்ளினார்கள். ரவிக்குமார் மிச்சப் படிகளில் கால் வைக்காமலே குதித்து, ஓடி, கிலுவை வேலியில் விழுந்து கையெல்லாம் முள். அது விமானி தரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டால் எச்சரிக்கிற குரல், சோதனைப் பொத்தானை அமுக்கினால் பேசும் என்று கிருபா வந்து முள்ளைப் பிடுங்கியபடியே விளக்கினாள். பாலகோபால் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. பாலகோபால் இஞ்சின் இரண்டையும் குடைந்து பார்த்துவிட்டுச் சொன்ன சேதியில் ரவிக்குமாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு இஞ்சின் போய்விட்டது, ஆகாது. இன்னொன்றை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். பறப்பதெல்லாம் கனவு, ஆனால் உருட்டலாம். போடும்போது ஒரு ஆள் வெளியே நின்று இஞ்சினைப் பார்த்துச் சைகை காட்ட வேண்டும், அது அனுபவப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும், அதனால் வெளியே பாலகோபால். உள்ளே சீட்டில் உட்கார்ந்து போட வேண்டியது கிருபா. தப்பித்தவறித் தீப்பிடித்தால் என்று ரவிக்குமார் கேட்டார். பிடிக்கக்கூடாது, பிடித்தால் அணைக்கலாம் என்றார் பாலகோபால். அந்தப் பதிலில் ரவிக்குமாருக்கு ஜெரோமின் முகந்தான் தெரிந்தது.

மகளிடம் வேண்டாம் அம்மணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை வரவில்லை. அன்புக்கரசியிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் அண்ணன் போன வழியில் உன் மகளும் போகிறாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றா?

இந்தச் சமயத்தில் அப்பனுக்கும் மகனுக்கும் முட்டிக்கொண்டது. இனி ஒரு பைசா இதில் போடக்கூடாது என்றார் சென்னகிருஷ்ணன். இஞ்சினைப் போட்டே தீருவேன் என்றான் சாய்கிருஷ்ணா. கடைசியில் பெரியவர், சரி, நீயும் வேண்டாம் நானும் வேண்டாம், கருப்பராயனையே கேட்டுவிடுவோம், பூக் கேட்கலாம் என்றார். சாய்கிருஷ்ணாவுக்கு ஜெட் பைத்தியம் இருந்தாலும் சாமி பயமும் உண்டு. ஒத்துக்கொண்டான்.

பூக் கேட்பது எங்கள் பக்கம் பெரிய விஷயம். பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் மனசு இரண்டுபட்டால் பூதான். ஒரு இலைக்குள் வெள்ளைப் பூ, இன்னொரு இலைக்குள் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போடுவார்கள். சங்கதிக்குச் சம்பந்தமில்லாத ஆள் ஒருவர் வந்து ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும், மறுபேச்சு இல்லை. எடுக்காத பொட்டலம் பிரிக்காமலே சாமி காலடியில் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பூசாரி கருப்புசாமி பூஜைக்கு வந்தார். சுற்றிலும் ஆள் நின்றது. சென்னகிருஷ்ணன் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏப்பா ரவி, நீ போய்ப் பூவைக் கட்டிக் கொண்டா என்றார்.

கோயிலுக்குப் பின்னால் இரண்டு அரளிச் செடி, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ரவிக்குமார் இரண்டு வாழையிலைத் துண்டோடு அங்கே போனார். ஒரு சிவப்புப் பூவைப் பறித்து இலையில் வைத்து நாரால் கட்டினார். அடுத்து வெள்ளைச் செடிப் பக்கம் கை போனது. போன கை நின்றது. மேடைக்கு அந்தப் பக்கம் கிருபா யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் கருப்பராயனின் முதுகும் அருவாளின் முனையும் தெரிந்தன. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. சாமி, என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள், புள்ளையை விட்டுவிடு என்று வாய்க்குள் முணுமுணுத்தார். இன்னொரு சிவப்புப் பூவைப் பறித்து இரண்டாவது இலையில் வைத்துக் கட்டினார்.

கை உதறிய உதறலில் பொட்டலங்களைத் தட்டில் வைக்கும்போது தட்டே கடகடத்தது. அவர் எப்போதும் நடுங்குகிற ஆள்தானே, யாரும் கண்டுகொள்ளவில்லை. தோட்டத்துக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சின்னாத்தாளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கருப்புசாமி பிரித்தார். சிவப்பு.

சென்னகிருஷ்ணன் விழுந்து கும்பிட்டார். சாய்கிருஷ்ணா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாலகோபால் தன் பையைக் கட்டினார். கூட்டம் கலைந்தது. ரவிக்குமாருக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இறங்கின இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. சாமி பேரில் பொய் சொல்லியாகிவிட்டது. மண் குதிரை தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்காமல் தோட்டத்து வீட்டுக்கு நடந்தார்.

மத்தியானம் கிருபா வந்து அவர் எதிரே நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். கசங்கின வாழையிலை, நடுவில் வாடின பூ.

"மிச்சம் கெடந்ததைப் பிரிச்சுப் பாத்தனுங்கப்பா. இதுவும் செவப்பு."

இயந்திரத்தில் ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கமும் பார்க்காமல் விடாத பெண் அவள். அது ரவிக்குமாருக்குத் தெரியாதா என்ன? தெரியும். பயம் வந்தால் எது ஞாபகத்தில் நிற்கிறது? உன்ற மாமன் மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன் அம்மணி என்று எப்படியோ சொல்லி முடித்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"எங்கிட்டச் சொல்லீருக்கலாமுங்க. வேண்டாமுன்னு நீங்க சொன்னா, நானே போயி மாட்டேன்னு சொல்லீருப்பேன். இப்ப யாரோ வேண்டாமுன்னு சொன்ன மாதிரி ஆயிப்போச்சு. இனி எனக்கு இன்னொரு ஏரோப்ளேன் யாரு குடுப்பாங்க?"

பூவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அடுத்த வாரமே செல்போன் கடைக்குத் திரும்பினாள். சாப்பிட்டீங்களாப்பா, தண்ணி வேணுங்களா, எல்லாம் கேட்டாள். ஆனால் மாடிக்குத் துணி காயப்போடப் போனவள், தலைக்கு மேல் விமானம் போனபோது அண்ணாந்து பார்க்காமல் துணியை உதறிக்கொண்டிருந்தாள். ரவிக்குமார் கீழேயிருந்து அதைப் பார்த்தார். அன்றைக்கு வந்த பயம் வேறு பயம். இவளும் இனிமேல் அன்புக்கரசி மாதிரி ஒன்றுமே கேட்காமல் இருந்துவிடுவாளோ?

அந்தப் பயந்தான் அவரை முதலாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தார். வேலை போகும், அடி விழுந்தாலும் விழும். சென்னகிருஷ்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரவிக்குமார் நின்றபடியே, கண்ணைத் தரையில் ஊன்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெரியவர் பேப்பரை மடித்தார். கோபப்படவில்லை. அதுதான் விசித்திரம்.

"அன்னைக்கு அத்தனை பேரு நின்னாங்களே ரவி. எல்லாத்தையும் உட்டுப்போட்டு உன்னையக் கூப்புட்டுக் கட்டச் சொன்னேன். எதுக்குன்னு யோசிச்சியா?"

ரவிக்குமார் இல்லீங்க என்றார்.

"ஊருக்கே தெரியும் உன்ற பயம். உன்ற புள்ளையத்தான் உள்ள உக்கார வெக்கப் போறாங்கன்னும் தெரியும். நீ வெள்ளைப் பூவைக் கட்ட மாட்டேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் வேண்டாமுன்னா பையன் கேக்க மாட்டான். கருப்பராயன் சொன்னா கேப்பான். உடு, நல்லதாப் போச்சு."

அடப்பாவி மனுஷா! ரவிக்குமாருக்குக் காதெல்லாம் சூடானது. இத்தனை நாள் சாமியை ஏமாற்றிவிட்டோம் என்று தூங்காமல் கிடந்தார். இப்போது பார்த்தால், அவர் ஏமாற்றுவார் என்று கணக்குப் போட்டே ஏமாற வந்து உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். அவருடைய பயத்தை ஒரு ஸ்பேனரைப் போல எடுத்து, வேலையை முடித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் ரவிக்குமாருக்கு முதன்முதலாக முதலாளி மேல் கோபம் வந்தது.

"அது சரிங்க. உங்க காரியம் முடிஞ்சுதுங்க. என்ற புள்ளைக்கு இருந்தது அது ஒண்ணுதானுங்க. நம்ம ரெண்டு பேருஞ் சேந்து புடுங்கிப்போட்டோம். ஒரே ஒருக்கா அந்த இஞ்சினை அவ கையால போட்டுப் பாக்கட்டுமுங்க. அப்பறம் ஓட்டல் வெச்சாலுஞ் சரி, எடைக்குப் போட்டாலுஞ் சரி."

"தீப்புடிச்சா?"

சொல்லக்கூடாது என்று உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரவிக்குமாரின் வாய் சொல்லிவிட்டது.

"பக்கத்துச் சீட்டுல நான் உக்காந்துக்கறனுங்க."

சென்னகிருஷ்ணன் பேப்பரை ஊஞ்சல்மேல் வைத்தார். பிறகு, கருப்பராயன்கிட்ட நீயே போய் ஒத்துக்கோ, அவன் விட்டால் நான் விடுகிறேன் என்றார்.

பூசாரி கருப்புசாமி விஷயத்தைக் கேட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். ரவிக்குமாரை ஈரத் துணியோடு கோயிலைச் சுற்றி வரச் சொல்லி, தேங்காய் உடைத்து, செய்த தப்புக்கு அபராதமாகக் குற்றம் கட்டச் சொன்னார். அப்புறம், தப்பாகக் கட்டினவனே சரியாகக் கட்டிப் போடு என்றார். இந்தத் தடவை ரவிக்குமார் ஒரு இலையில் வெள்ளை, ஒரு இலையில் சிவப்பு வைத்தார். வைத்ததை நாலு தடவை பிரித்துப் பார்த்துக் கட்டினார். சின்னாத்தாள் வந்து, உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா என்று கேட்டுக்கொண்டே எடுத்தாள். பிரிக்கிற வரைக்கும், சிவப்பு வந்துவிடாதா என்று ஒரு ஆசை அவருக்குள் துடித்துக்கொண்டுதான் இருந்தது. வெள்ளை வந்தது.

சாய்கிருஷ்ணா பறந்து வந்தான். பாலகோபால் வந்தார். மணல் வாளிகள், தீயணைக்கிற சிலிண்டர்கள், தண்ணீர் டேங்கர் மாட்டின டிராக்டர் எல்லாம் வரிசையாக நின்றன. கிருபா அப்பாவிடம் அதிகம் பேசவில்லை. நிஜமாலுமே உக்காரப் போறீங்களா என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அன்புக்கரசியும் வந்திருந்தாள். புருஷன் விமானத்தில் ஏறுவதை அவள் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் ஜெபமாலை இருந்தது.

முன் அறை ஒரு ஆட்டோ அளவுகூட இல்லை. எங்கே பார்த்தாலும் கடிகாரம் மாதிரி முள்கள். இடது சீட்டில் கிருபா, வலது சீட்டில் ரவிக்குமார். பெல்ட்டை மாட்டுங்கப்பா என்றாள். அவர் இரண்டு முனையையும் மடிமேல் எடுத்துப்போட்டு ஏதோ பண்ணினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திறந்திருந்த கதவு பின்னால் எவ்வளவு தூரம் என்று மனசு அளந்துகொண்டே இருந்தது. சீட்டிலிருந்து எழுந்து, குனிந்து, நாலு எட்டு, அப்புறம் குதித்தால் தரை. கண்ணாடி வழியாக வெளியே பாலகோபால் கட்டைவிரலைக் காட்டினார்.

கிருபா ஒரு பொத்தானை அமுக்கினாள். பின்னாலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. முனகல் ஊளையானது. விமானம் முழுக்க அதிர்ந்து, அவர் பல் கிட்டித்தது. அவள் ஒரு முள்ளையே பார்த்தபடி ஒரு பிடியை முன்னால் தள்ளினாள். டமார் என்று ஒரு சத்தம். ஊளை திடீரென்று அடித்தொண்டைக்கு இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்த முள் சர்ரென்று ஏறிச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வெளியே பாலகோபால் இரண்டு கையையும் குறுக்கே வீசிக்கொண்டு ஓடி வந்தார். இஞ்சின் வாலிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்கு நெருப்பு.

"தீ!" என்று யாரோ கத்தியது உள்ளே வரை கேட்டது. அது அன்புக்கரசியின் குரல்.

கிருபா பிடியைப் பின்னால் இழுத்து எரிபொருளை நிறுத்தினாள். ஆனால் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. இஞ்சின் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே கிடக்கும் நெருப்பை ஊதி வெளியே தள்ளும். கையை எடுத்தால் உள்ளேயே எரியும். அவள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

"நீங்க எறங்குங்கப்பா. போங்க. நான் இருக்கோணும்."

புகை நாற்றம் வந்தது. பஞ்சு அறையில் வந்த அதே எண்ணெய்ப் புகை. ரவிக்குமாருக்குக் காது அடைத்துப்போனது, கண் இருண்டு வந்தது, சிறுநீர் கழிந்துவிடும்போல இருந்தது. கிருபாவின் தோள்மேல் ஒரு கை வந்து விழுந்தது. அவளுக்கே அது யார் கை என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கை எடுபடவே இல்லை.

ஊளை மெதுவாக மெலிந்தது. முள் கீழே இறங்கியது. வெளியே பாலகோபால் நெற்றி வேர்வையை வழித்துவிட்டு, அணைந்துவிட்டது என்று சைகை காட்டினார். கிருபா பொத்தானை விட்டாள். அவள் விரலெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது.

"இது தேறாதுங்கப்பா," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "எவ்வளவு கொட்டினாலும் தேறாது. நானே சாய் அண்ணங்கிட்டச் சொல்லிப்போடறேன். வித்துப்போடட்டும்."

அவள் குரலில் வருத்தம் இல்லை. தானே போட்டுப் பார்த்து, தானே வேண்டாமென்று சொல்கிற ஆளின் குரல் அது. ரவிக்குமாரால் எழுந்திருக்க முடியவில்லை. சரி, பெல்ட்டை நானே கழற்றிவிடுகிறேன் என்று கிருபா அவர் மடிப்பக்கம் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். பெல்ட்டின் ஒரு முனை இந்தப் பக்கம் கிடந்தது, ஒரு முனை அந்தப் பக்கம் கிடந்தது.

"மாட்டவே இல்லீங்களா?"

"ஓடறதுக்குத்தான் அம்மணி மாட்டாம வெச்சிருந்தேன்," என்றார் ரவிக்குமார்.